உயிர்த்தசையின் நுண்குருதிக்குழாய்கள்: ஓர் அவதானத்தின் வரலாறு

மனித உடலின் நிறையில் ஏறத்தாழ 40 சதவீதம் வன்கூட்டுத்தசையாகும். ஓய்விலிருக்கும் தசையின் ஒவ்வொரு 100 கிராமினூடாகவும் நிமிடமொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மில்லிலீற்றர் குருதியே செல்கின்றது. அதே தசை கடுமையாக உழைக்கும்போது இவ்வளவு பதினைந்து, இருபது மடங்காகவும் அதற்கு மேலாகவும் உயர்கின்றது. உடலின் வேறெந்தப் பெரிய உறுப்பும் தன் தேவையை இத்துணை விரைவாக இவ்வளவு பெருக்கிக்கொள்வதில்லை. இத்திடீர்த் தேவையைக் குருதிக்குழாய்கள் எவ்வாறு நிறைவுசெய்கின்றன என்னும் வினாவுக்கு விடை காண, உயிருள்ள தசையினுள்ளே கண்ணாற் பார்ப்பதைவிட நேரான வழி வேறில்லை. எனினும், பார்ப்பதென்பது எளிய செயலன்று. தசையினுட் பார்க்க முயன்றோர் கண்ட ஒவ்வொரு காட்சியிலும், அதனைக் காண்பதற்கு அவர்கள் கையாண்ட முறையின் தடமும் பதிந்திருந்தது. அத்தடத்தை இனங்கண்டு நீக்குவதற்கு எடுத்த காலமே இத்துறையின் வரலாற்றில் நீண்ட காலமாகும்.

வில்லியம் ஹாவி 1628 ஆம் ஆண்டிலே தமது நூலை வெளியிட்டபோது, குருதி நாடிகளினூடாகச் சென்று நாளங்களினூடாக இதயத்துக்கு மீள்கின்றது என்பதை அளவீட்டினாலும் தருக்கத்தினாலும் நிறுவினார். ஆனால் நாடியிலிருந்து நாளத்துக்கு அது செல்லும் வழியை அவர் காணவில்லை. சதையிலுள்ள நுண்டுளைகளூடாக அது கசிந்து செல்லக்கூடுமென்று கருதினார். அவரது கொள்கையில் எஞ்சியிருந்த இவ்விடைவெளியை நிரப்பியவர் இத்தாலியரான மார்செல்லோ மல்பீகி. ஹாவி இறந்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 1661 இல், தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியினால் ஆராய்ந்த மல்பீகி, குருதி வெறுந்துளைகளூடாகக் கசியவில்லை, சுவர்களையுடைய மிக நுண்ணிய குழாய்களினூடாகவே ஓடுகின்றது என்று கண்டார். மயிர்த்துளைக்குழாய் மனிதன் கண்ணுக்குப் புலப்பட்டது அப்போதேயாகும்.

ஹாவி ஐயுற்றது சதையின் துளைகளைப் பற்றி. மல்பீகி விடை கண்டதோ சுவாசப்பையில். இவ்வேறுபாடு தற்செயலானதன்று. தவளையின் சுவாசப்பை மெல்லிய, ஒளி ஊடுருவும் பையாகும். 1688 இல் ஒல்லாந்தரான அன்ரனி வான் லீவன்ஹூக் குருதியோட்டத்தைத் தெளிவாகக் கண்டதும் வாற்பேத்தையின் ஒளிபுகும் வாலிலேயே. பின்வந்தோர் தவளையின் விரலிடைச் சவ்வையும், அதன் நாவையும், குடலைத் தாங்கும் மென்சவ்வையும் நாடினர். ஒளி எங்கே ஊடுருவியதோ அங்கேயே அறிவும் புகுந்தது. தடித்ததும் ஒளிபுகாததும் தொட்டவுடன் துடிப்பதுமான தசை புறத்தே நின்றது. ஆங்கில மதகுருவான ஸ்ரீபன் ஹேல்ஸ் 1733 இல் வெளியிட்ட நூலிலே தவளையின் வயிற்றுத் தசையிற் குருதி செல்லும் வேகத்தை மதிப்பிட முயன்றமை இதற்கு ஓர் அரிய புறநடையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடலமைப்பியலாளர் இத்தடையை வேறொரு வழியாகக் கடந்தனர். இறந்த விலங்கின் நாடிகளில் நிறமூட்டிய பாய்பொருளைச் செலுத்தி, தசையை மெல்லிய துண்டுகளாக வெட்டி, குழாய்களின் அமைப்பை வரைந்தனர். 1888 இல் ஜேர்மனியரான வேர்ணர் ஸ்பால்ற்றெஹோல்ற்ஸ் தசையின் குழாயமைப்பைப் பற்றி விரிவான விளக்கமொன்றை அளித்தார். மயிர்த்துளைக்குழாய்கள் தசைநார்களுக்குச் சமாந்தரமாக நெடுகச் செல்வதும், குறுக்கிணைப்புகளால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருப்பதும் இவ்வாறு தெளிவாயின. ஆயினும் இது ஊரின் வீதிப்படத்தை ஒத்தது. வீதிகள் எங்கெங்கே உள்ளன என்பதை அது காட்டும். எவ்வீதியில் எந்நேரத்தில் எவ்வளவு பேர் நடமாடுகின்றனர் என்பதைக் காட்டாது.

இதற்கிடையே மற்றொரு வினாவும் எழுந்திருந்தது. மயிர்த்துளைக்குழாய், வந்த குருதியை வாங்கி அனுப்பும் வெறுங்குழாய்தானா, அன்றித் தானே சுருங்கவும் விரியவும் வல்லதா? வியன்னாவைச் சேர்ந்த சலமன் ஸ்ற்றிக்கர் 1865 இல், தவளையின் கண்ணை மூடும் மென்சவ்விலே இக்குழாய்களின் விட்டம் மாறுவதைக் கண்டதாக அறிவித்தார். 1873 இல் பிரெஞ்சு அறிஞரான சார்ள்ஸ் றூஜே, குழாய்ச் சுவரைக் கிளைகளாற் பற்றியிருக்கும் சில கலங்களை விவரித்து, சுருக்கம் இவற்றாலேயே நிகழ்கின்றது என்றார். இக்கூற்றுக்கள் நெடுங்காலம் பெரிதாக மதிக்கப்படவில்லை. குருதியோட்டத்தை ஆள்பவை தசைச்சுவர் கொண்ட நாடிகளும் புன்னாடிகளுமே என்பது பொதுக்கருத்தாயிருந்தது.

இப்பின்னணியிலேயே கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் விலங்குடற்றொழிலியல் ஆய்வுகூடத்தில் ஒகஸ்ற் குரோ தமது ஆய்வைத் தொடங்கினார். 1874 இற் பிறந்த குரோ, கிறிஸ்ரியன் போரின் மாணவர். சுவாசப்பை ஒட்சிசனைத் தானே சுரந்து குருதிக்கு ஊட்டுகின்றது என்று போர் கருதினார். குரோவோ, தம் மனைவியான மருத்துவர் மேரி குரோவுடன் இணைந்து நிகழ்த்திய நுட்பமான அளவீடுகளைக் கொண்டு, பரவல் ஒன்றே அதற்குப் போதுமானது என 1910 இல் ஆசிரியரின் கருத்தை மறுத்தார். சுவாசப்பையில் பரவல் போதுமாயின், தசையிலும் அது போதுமா என்பதே அவரது அடுத்த வினாவாயிற்று.

இவ்வினாவுக்கு அவர் முதலிற் கணக்கினால் விடை தேடினார். விலங்கு இழையங்களினூடாக ஒட்சிசன் பரவும் வீதத்தை அளந்தார். பின்னர் தசையின் குறுக்குவெட்டிற் குழாய்களை எண்ணினார். ஒரு சதுர மில்லிமீற்றரில் குதிரையின் தசையில் ஏறத்தாழ 1,400 குழாய்களும், நாயின் தசையில் ஏறத்தாழ 2,600 குழாய்களும் காணப்பட்டன. உடல் சிறிதாகி அனுசேபம் மிகுந்தோறும் குழாய்களும் நெருங்கி நின்றன. ஒவ்வொரு மயிர்த்துளைக்குழாயும் தன்னைச் சூழ்ந்த உருளைவடிவான தசைப்பகுதி ஒன்றுக்கு ஒட்சிசன் ஊட்டுவதாக அவர் கற்பனைசெய்தார். அவ்வுருளையின் ஓரத்துக்கு ஒட்சிசன் சென்றடைவதற்கு எவ்வளவு அமுக்க வேறுபாடு தேவை என்பதைத் தரும் சமன்பாட்டை அவருக்கு வகுத்தளித்தவர் அக்னர் எர்லாங். கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய இக்கணிதர், தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைக் கணிக்கும் முறைகளுக்காகவும் பெயர்பெற்றவராவார்.

கணக்கின் முடிவு வியப்பளித்தது. குழாய்கள் அனைத்தும் திறந்திருந்தால், மிகச் சிறிய அமுக்க வேறுபாடே ஒட்சிசனைத் தசையின் எம்மூலைக்கும் கொண்டுசெல்லப் போதும். ஓய்விலிருக்கும் தசைக்கு இவ்வளவு குழாய்கள் தேவையே இல்லை. ஆகவே ஓய்வின்போது பெரும்பாலான குழாய்கள் மூடியிருந்து, உழைப்பின்போதே திறக்கின்றனவோ என்னும் கருதுகோள் பிறந்தது. இதனை நிரூபிப்பதற்கு உயிர்த்தசையைப் பார்த்தல் இன்றியமையாததாயிற்று.

குரோ இருவழிகளைக் கையாண்டார். முதலாவது, தசையின் மேற்பரப்பின்மீது வலிய ஒளியைப் பாய்ச்சி, தெறித்து மீளும் ஒளியில் நுணுக்குக்காட்டியினால் நேரே நோக்குதல். ஒளி ஊடுருவாத தசையையும் இவ்வாறு மேலிருந்து பார்க்க முடிந்தது. ஓய்வான தசையில் ஆங்காங்கே சில குழாய்களே தெரிந்தன. தசையைத் தூண்டிச் சுருங்கவைத்ததும் பல புதிய குழாய்கள் தோன்றின. இரண்டாவது, உயிருள்ள விலங்கின் குருதியில் இந்திய மையைச் செலுத்தி, சிறிது நேரத்துள் அதன் சுற்றோட்டத்தை நிறுத்தி, தசையை வெட்டி மை புகுந்த குழாய்களை எண்ணுதல். கினிப்பன்றியின் ஓய்வான தசைகளில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 31 முதல் 270 வரையான குழாய்களிலேயே மை காணப்பட்டது. உழைத்த தசையில் இத்தொகை 2,500 ஆக உயர்ந்தது. எண்கள் இதனைவிடத் தெளிவாகப் பேச முடியாது.

இவ்வாய்வுகள் 1919 இல் இங்கிலாந்தின் உடற்றொழிலியற் சஞ்சிகையில் வெளிவந்தன. மறு ஆண்டிலேயே, மயிர்த்துளைக்குழாய்களின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் பொறிமுறையைக் கண்டறிந்தமைக்காக, குரோவுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1922 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய விரிவுரைகள் நூலுருப் பெற்றன. அவரது ஆய்வுகூடத்தைச் சேர்ந்த விம்ற்றுப், றூஜே கூறிய கலங்களை நீர்நில வாழ்விகளின் வாலிலே மீண்டும் கண்டு, அவை சுருங்குவதையும் விவரித்தார். இதனால் மயிர்த்துளைக்குழாய் தானே திறந்து மூடும் வாயில் என்னும் கருத்து வலுப்பெற்றது. ஓய்வில் மூடியும் உழைப்பில் திறந்தும் தொழிற்படும் குழாய்களின் படம் பாடநூல்களில் இடம்பிடித்து, பல தலைமுறை மாணவர்களின் உள்ளத்திற் பதிந்தது.

இக்கருத்து ஏன் இவ்வளவு எளிதில் ஏற்கப்பட்டது என்பது சிந்திக்கற்பாலது. அது கணக்கோடு இசைந்தது; கண்ணோடும் இசைந்தது. கணக்கு ஒரு காட்சியை எதிர்பார்க்கச் சொன்னது. கண் அக்காட்சியையே கண்டது. இவ்விரண்டும் ஒத்துநிற்கும்போது மூன்றாவதான ஒரு வினாவை எழுப்புவதற்கு எவரும் எளிதில் முற்படுவதில்லை. பார்ப்பதற்காகத் தசையைத் திறந்தபோது அத்தசை மாறாதிருந்ததா என்பதே அம்மூன்றாவது வினா.

இவ்வினா உடனே எழவில்லை. அடுத்துவந்த பதிற்றாண்டுகளில் நுண்சுற்றோட்ட ஆய்வின் பெரும்பகுதி மீண்டும் ஒளிபுகும் சவ்வுகளிலேயே நடைபெற்றது. 1926 இல் யூஜின் லாண்டிஸ் மயிர்த்துளைக்குழாயினுள்ளே நுண்குழலைச் செலுத்தி அமுக்கத்தை நேரே அளந்ததும் தவளையின் குடற்சவ்விலேயாகும். பாலூட்டியின் தசையை ஊடுருவும் ஒளியிற் பார்ப்பதற்குத் தக்க தசையொன்று தேவைப்பட்டது. பிரித்தானிய ஆய்வாளரான றொனால்ட் கிறான்ற் 1964 இல், எலியின் விதையைச் சூழ்ந்து அதனை மேலே இழுக்கும் கிறிமாஸ்ரர் என்னும் மெல்லிய தசையிலே குருதிக்குழாய்களை நேரே அவதானித்த முறையை வெளியிட்டார். 1973 இல் சில்வியோ பயெஸ், பைபோன்ற அத்தசையை நெடுகப் பிளந்து, குருதித் தொடர்பு அறாமல் தட்டையாக விரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதே ஆண்டில் எலியின் முதுகிலே தோட்பட்டையை நோக்கிச் செல்லும் மெல்லிய தசையொன்றும் இவ்வாய்வுக்கு உகந்ததெனக் காட்டப்பட்டது. பூனை, முயல் ஆகியவற்றின் பின்னங்காலிலுள்ள நாடாப்போன்ற தசையும் இவ்வரிசையிற் சேர்ந்தது.

இவ்வாறு தசை ஒளிக்கு முன் வந்ததும், ஆய்வாளர்கள் தம் கையின் செயலையே காணத் தொடங்கினர். மயக்கமருந்து குழாய்களின் இறுக்கத்தை மாற்றியது. தசை சிறிது குளிர்ந்தாலும் உலர்ந்தாலும் ஓட்டம் மாறியது. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒட்சிசனாகும். உடலினுள் இருக்கும் தசையில் ஒட்சிசனின் பகுதியமுக்கம் பெரும்பாலும் இரசத்தின் சில பத்து மில்லிமீற்றரைத் தாண்டுவதில்லை. வளியிலோ அது ஏறத்தாழ 150 மில்லிமீற்றராகும். திறந்த தசை வளியைத் தொட்டவுடனே, அதுவரை அறியாத ஒட்சிசன் வெள்ளம் அதனை அடைகின்றது. ஒட்சிசன் மிகும்போது புன்னாடிகள் சுருங்குகின்றன. 1980 இல் முயலின் தசையிற் செய்த ஆய்வொன்றில், தசையை நனைக்கும் திரவத்தின் ஒட்சிசனை உயர்த்தியபோது ஓட்டமுள்ள மயிர்த்துளைக்குழாய்களின் தொகை குறைந்தது. மூடிய குழாய் ஓய்வின் அடையாளமாக மட்டுமன்றி, திறந்துவைத்த தசையின் மறுமொழியாகவும் இருக்கக்கூடும் என்பது இதனாற் புலனாயிற்று.

புன்னாடிகளின் பங்கும் இக்காலத்தே தெளிவடைந்தது. 1970 இல் பிறையன் டுலிங், றொபேட் பேர்ண் ஆகிய அமெரிக்கர், புன்னாடியின் நெடுகிலும் ஒட்சிசன் அமுக்கம் படிப்படியாகக் குறைவதை நுண்மின்வாயினால் அளந்தனர். மயிர்த்துளைக்குழாயே ஒட்சிசனின் ஒரே வாயிலென்று குரோ கொண்ட எடுகோள் இதனால் தளர்ந்தது. 1978 இல் டுலிங்கும் உடனாய்வாளர்களும் சில தசைநார்களை மட்டும் தூண்டியபோது, அவற்றை அடுத்துச் செல்லும் புன்னாடிகள் விரிவதைக் கண்டனர். உழைக்கும் தசை தனக்கு வேண்டிய குருதியைப் புன்னாடி வழியாகவே அழைக்கின்றது எனலாம். தனித்தனி மயிர்த்துளைக்குழாய் ஒவ்வொன்றும் தன் வாயிலைத் தானே திறக்கின்றது என்னும் பழைய படம் தசையைப் பொறுத்தவரை மங்கலாயிற்று.

1979 இல் மற்றொரு புதிர் தோன்றியது. கிளிற்ஸ்மன், டுலிங் ஆகிய இருவரும் ஹம்ஸ்ரர் என்னும் சிறு கொறிவிலங்கின் கிறிமாஸ்ரர் தசையிலே மயிர்த்துளைக்குழாயினுட் செல்லும் செங்குழியங்களை எண்ணினர். ஓய்வான தசையின் குழாய்களிலே செங்குழியங்களின் கனவளவு விகிதம், உடலின் பெருங்குழாய்களில் உள்ளதன் ஐந்திலொரு பங்களவாகவே இருந்தது. தசை உழைத்தபோது அது உயர்ந்தது. ஒடுங்கிய குழாய்களிலே செங்குழிய விகிதம் குறையுமென்பதைச் சுவீடனைச் சேர்ந்த ஃபோறெயஸ் 1929 இலேயே காட்டியிருந்தார். ஆனால் இத்துணைக் குறைவை அவ்விதியால் மட்டும் விளக்க முடியவில்லை.

விடை குழாயின் உட்சுவரிலே இருந்தது. 1990 இல், அச்சுவரின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் வெல்லச்சேர்வைப் படையைச் சிதைக்கும் நொதியத்தைச் செலுத்தியபோது, குழாயினுட் செங்குழிய விகிதம் உயர்ந்தது. 1996 இல் ஹன்ஸ் விங்க், டுலிங் ஆகியோர் இப்படையின் தடிப்பை உயிர்த்தசையிலேயே மதிப்பிட்டனர். அது ஏறத்தாழ அரை மைக்குரோமீற்றராகும். ஐந்தாறு மைக்குரோமீற்றர் விட்டமே கொண்ட குழாயில் இது சிறிய அளவன்று. இப்படை செங்குழியங்களைச் சுவரிலிருந்து விலக்கி நடுவே செலுத்துகின்றது. முந்நூறு ஆண்டுகளாக இக்குழாய்களைப் பார்த்தோர் எவர் கண்ணுக்கும் அது புலப்படவில்லை. ஏனெனில் அது ஒளியை மறிப்பதில்லை. இதைவிட வியப்பானது மற்றொன்று. ஒளிரும் சாயத்தைக் குருதியிற் செலுத்தி அதன்மீது வலிய ஒளியைப் பாய்ச்சியபோது இப்படை சிதைந்தது. ஆய்வாளன் பார்ப்பதற்கு ஏற்றிய விளக்கே, பார்க்கவேண்டிய பொருளை அழிக்க வல்லதாயிருந்தது.

தசையை விரித்துக் கட்டும் செயலும் இவ்வாறே ஆராயப்பட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பூலும் உடனாய்வாளர்களும், எலியின் முதுகுத்தசையை அதன் இயல்பான நீளத்துக்கு மேல் இழுத்தாற் குழாய்களின் ஓட்டம் குன்றுவதை 1997 இற் காட்டினர். நீளம், வெப்பநிலை, ஒட்சிசன் ஆகிய யாவற்றையும் உடலினுள் உள்ளவாறு பேண முயன்று, ஓய்விலிருந்து உழைப்புக்குத் தசை மாறும்போது நிகழ்வதை 2002 இல் அவர்கள் பதிவுசெய்தனர். ஓய்வான தசையிலேயே பெரும்பாலான மயிர்த்துளைக்குழாய்களிற் செங்குழியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. உழைப்புத் தொடங்கியதும் ஓட்டமுள்ள குழாய்களின் தொகை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. மாறாக, ஏற்கெனவே ஓடிய குழாய்களிலே செங்குழியங்கள் மேலும் விரைவாகவும் நெருக்கமாகவும் சென்றன.

அவ்வாறாயின் குரோ கண்டது யாது? அவர் பொய்க்காட்சி ஒன்றைக் கண்டார் என்று கூறுதல் பொருந்தாது. ஓய்வான தசையிலே சில குழாய்களில் ஓட்டம் மிக மந்தமானது. செங்குழியங்களும் அங்கு அரிது. மேலிருந்து பாயும் ஒளியில் நோக்கும் கண்ணுக்குச் செங்குழியம் இல்லாத குழாய் தெரியாது. குருதியிற் செலுத்திய மை அத்தகைய குழாய்களைச் சென்றடையுமுன்னரே சுற்றோட்டம் நிறுத்தப்பட்டிருப்பின், அவை மூடிய குழாய்களாகவே எண்ணப்பட்டிருக்கும். மெதுவாக ஓடுவதும் ஓடாதிருப்பதும் அம்முறையில் ஒன்றுபோலவே தோன்றின. அவரது எண்கள் உண்மையானவை. அவ்வெண்களுக்கு அவர் கொடுத்த பொருளே திருத்தத்துக்கு உள்ளாயிற்று.

விவாதம் முற்றாக ஓய்ந்துவிட்டது என்றும் கூறவியலாது. மீயொலி போன்ற வேறு முறைகளால் மனிதத் தசையை ஆராய்வோர் சிலர், உழைப்பின்போதும் இன்சுலினின் தூண்டுதலின்போதும் புதிய குழாய்கள் சேர்க்கப்படுகின்றன என்று வாதிடுகின்றனர். எனினும் எர்லாங் வகுத்த சமன்பாடும் குரோவின் உருளையும், திருத்தங்களுடன், இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. பரவலுக்குக் குறுகிய தூரமும் பரந்த சுவரும் தேவை என்னும் அடிப்படை சிறிதும் அசையவில்லை.

இத்திருத்தம் ஆய்வுகூடத்துள் அடங்கும் நுணுக்கம் மட்டுமன்று. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளிலும் இதயம் செயலிழந்த எலிகளிலும் இதே முதுகுத்தசையை நோக்கியபோது, ஓட்டமுள்ள மயிர்த்துளைக்குழாய்களின் விகிதம் குறைந்திருந்தது. மூடிய குழாய்கள் ஓய்வின் இயல்பே என்று கொண்டிருப்பின், இக்காட்சியில் எவரும் நோயைக் கண்டிருக்கமாட்டார்கள். நலமுள்ள தசையில் அவை பெரும்பாலும் திறந்தேயிருக்கின்றன என்பதை அறிந்த பின்னரே, ஓட்டம் நின்ற குழாய் நோயின் அடையாளமாயிற்று. நோயாளி சில அடி நடந்ததும் களைத்துப்போவதற்கு இதயம் மட்டுமன்றிக் காற்றசையின் நுண்குழாய்களும் காரணமாகலாம் என்னும் சிந்தனை இவ்வழியே வலுப்பெற்றது.

மல்பீகி தவளையின் சுவாசப்பையைப் பார்த்தது முதல் இன்றுவரையான மூன்றரை நூற்றாண்டுகளில் வில்லைகள் கூர்மையடைந்தன. விளக்குகள் வலிமை பெற்றன. ஆனால் உயிர்த்தசையைப் பொறுத்தவரை அறிவு பெருகியது இவற்றால் மட்டுமன்று. ஒட்சிசனைக் குறைத்தும், இழுவையைத் தளர்த்தியும், ஒளியை அடக்கியும் ஆய்வாளர் தம் தலையீட்டைக் கட்டுப்படுத்தக் கற்றபோதே தசை தன் இயல்பை வெளிப்படுத்தியது. கண்ணாற் கண்டதே சான்று என்பது விஞ்ஞானத்தின் முதற்பாடம். கண்ட பொருளை எந்நிலையில் வைத்துக் கண்டோம் என்பதையும் அச்சான்றோடு சேர்த்து எழுதவேண்டும் என்பது, உயிர்த்தசையின் நுண்குழாய்கள் பல தலைமுறைகளாகக் கற்பித்த இரண்டாவது பாடமாகும்.